மின்தாளில் வாசிப்பு: வீட்டுக்கும் வழிக்கும் ஒரு கருவி

மின்னூல் வாசிப்பானைக் கைபேசியிலிருந்தும் டேப்லெட்டிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அதன் திரை. கைபேசித் திரை தானே ஒளிர்கிறது. வாசிப்பானின் திரையோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டுகிறது. இதற்கு மின்தாள் என்று பெயர். கருவி வாங்கும்போது எழும் கேள்விகளில் பாதிக்கு விடை இந்தத் திரை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. மறுபாதிக்கு விடை, அதில் திறக்கப்போகும் கோப்பில் இருக்கிறது. விளம்பரங்கள் பேசுவதெல்லாம் முதல் பாதியைப் பற்றித்தான். தமிழ் வாசகரை அதிகம் அலைக்கழிப்பது இரண்டாவது பாதி.

துகள்களின் ஏற்ற இறக்கம்

மின்தாளின் மேற்பரப்புக்கு அடியில் நுண்குமிழ்கள் அடுக்காகப் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமயிரின் பருமன். குமிழுக்குள் தெளிந்த திரவம்; திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளைத் துகள், சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு நேர்மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். கறுப்புத் துகளுக்கு எதிர்மின்னூட்டம். குமிழ்களுக்கு மேலே ஒளி ஊடுருவும் மின்முனைப் படலம் ஒன்று இருக்கிறது. கீழே, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மின்முனை வீதம் லட்சக்கணக்கான மின்முனைகள் இருக்கின்றன. கீழ் மின்முனை எதிர்மின் நிலைக்குப் போனால் வெள்ளைத் துகள்கள் கீழே இறங்கும். கறுப்புத் துகள்கள் மேலே வரும். அந்த இடம் கறுத்துத் தெரியும். மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டால் வெளுக்கும். பாதி வழியில் நிறுத்தினால் சாம்பல். பெரும்பாலான கருவிகள் இப்படி 16 சாம்பல் படிகளைக் காட்டுகின்றன.

துகள்கள் ஒருமுறை இடம் பிடித்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே இருக்கும். அதனால்தான் அணைத்து வைத்த வாசிப்பானின் திரையிலும் ஏதோ ஒரு படம் நாள்கணக்கில் நிற்கிறது. பக்கம் மாறும் கணத்தில் மட்டுமே திரை மின்சாரம் கேட்கிறது.

‘மின் காகிதம்’ ஒன்றைச் செய்யும் முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான நுண்ணிய உருண்டைகளைப் புரட்டி எழுத்துக் காட்டும் திரையை உருவாக்கினார். அது கடைக்கு வந்து நிலைக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களான பாரெட் கோமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் உருண்டைக்குப் பதிலாகத் திரவக் குமிழைப் பயன்படுத்தினார்கள். 1997இல் ‘இ இங்க்’ நிறுவனம் பிறந்தது. 2004இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட ‘லிப்ரியே’ இந்தத் திரையுடன் வந்த முதல் வாசிப்பான். 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. ‘இ இங்க்’ 2009 முதல் தைவான் நிறுவனமொன்றின் கையில் இருக்கிறது. கிண்டில், கோபோ, பாக்கெட்புக், ஓனிக்ஸ் பூக்ஸ் என்று கருவியின் பெயர் எதுவானாலும் திரை பெரும்பாலும் இந்த ஓரிடத்திலிருந்துதான் போகிறது. ஆகவே, ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கருவிகளில் எதன் திரை உயர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அதிகப் பயனில்லை.

துகள்கள் திரவத்தில் நகர்ந்துதான் இடம் மாற வேண்டும். அதற்கு ஒரு நொடியின் பத்தில் சில பங்கு நேரம் பிடிக்கும். ஒரு நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும் கைபேசித் திரைக்குப் பழகிய விரலுக்கு இது மந்தமாகத் தோன்றும். சில துகள்கள் முழுதாக நகராமல் பின்தங்குவதால் முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகத் தெரிவதும் உண்டு. அதைத் துடைக்கத்தான் திரை அவ்வப்போது முழுக்கக் கறுத்து வெளுக்கிறது. பழுது என்று நினைத்துக் கருவியைத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பழுதல்ல, குணம். எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை துடைப்பது என்பதைப் பல கருவிகளின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

வெயிலும் டியூப்லைட்டும்

மின்தாளின் வெண்மை, நல்ல வெள்ளைத் தாளின் வெண்மை அல்ல. வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். மின்தாள் நாற்பதைச் சற்றுத் தாண்டும். அதனால் வெண்மையில் சாம்பல் கலந்தே தெரியும். இந்த ஒரு எண்ணைக்கொண்டு, எங்கே எப்படிப் படிக்க முடியும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

உச்சி வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு எல்லாத் திசையிலும் சிதறித் திரும்பினால், மின்தாளின் பிரகாசம் சுமார் 12,700 நிட். கைபேசித் திரைகள் முழு வீச்சில் ஒளிர்ந்தாலும் ஓரிரு ஆயிரம் நிட்டைச் சுற்றியே நிற்பவை. வெயிலில் அவை மங்கிப்போவதன் காரணம் இதுதான். கடற்கரையிலும் மொட்டைமாடியிலும் பேருந்தின் சன்னலோரத்திலும் மின்தாள் ஜெயிக்கிறது.

வீட்டுக்குள் கணக்கு தலைகீழ். ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில், சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் 100 லக்ஸ் விழுந்தால் அதிகம். அப்போது மின்தாளின் பிரகாசம் 13 நிட் அளவுக்கு வந்துவிடுகிறது. அதே இடத்தில் அச்சுப் புத்தகம் அதைப்போல் இருமடங்கு வெளுப்பாக இருக்கும். எனவே, விளக்கில்லாத வாசிப்பானை வாங்கி வீட்டில் படிப்பவர் கண்ணைச் சுருக்கத்தான் வேண்டியிருக்கும். 2012இல் நூக், கோபோ, கிண்டில் மூன்றும் அடுத்தடுத்து முன்விளக்கைக் கொண்டுவந்தன. திரையின் விளிம்பில் சிறு எல்.இ.டி.கள், அவற்றின் ஒளி, திரைமேல் போர்த்திய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுக்குள் பரவி, கண்ணை நோக்கி வராமல் கீழே உள்ள துகள்கள்மேல் விழுந்து திரும்புகிறது. பயணத்துக்குத்தான் விளக்கு வேண்டும், வீட்டில் எதற்கு என்று நினைப்பது இயல்பு. பகல் வெளிச்சத்தில் பயணம் செய்பவருக்கு விளக்கு தேவையே இல்லை. மாலைக்குப்பின் வீட்டில் படிப்பவருக்குத்தான் தேவை.

புதிய கருவிகள் பலவற்றில் வெண்ணிற விளக்கோடு மஞ்சள் சாயலுள்ள விளக்கும் இருக்கும். இரவில் மஞ்சளுக்கு மாற்றினால் தூக்கம் கெடாது என்பது விற்பனைப் பேச்சு. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, அமெரிக்க அறிவியல் கழக இதழில் 2015இல் அச்சான ஓர் ஆய்வு. இரவில் மின்கருவியில் படித்தவர்கள், அச்சு நூலில் படித்தவர்களைவிடச் சராசரியாக 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள் என்று அது கண்டது. பங்கேற்றவர்கள் 12 பேர். கருவி, முழு வெளிச்சத்தில் வைத்த ஐபேட். மங்கலாக வைத்த மின்தாள் வாசிப்பானைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. மஞ்சள் விளக்கு இருந்தால் கண்ணுக்கு இதம், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகக் கூடுதல் பணம் தரலாமா என்பது அவரவர் சுகத்தைப் பொறுத்தது.

பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும் என்ற வாக்குறுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022இல் வந்த அடிப்படைக் கிண்டிலுக்கு ஆறு வாரம் என்று அமேசான் சொன்னது. அடிக்குறிப்பில்: நாளொன்றுக்கு அரைமணி நேர வாசிப்பு, வைஃபை அணைத்த நிலை, விளக்கு 24 படிகளில் 13இல். ஆறு வாரத்துக்கு அரைமணி வீதம் கூட்டினால் 21 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு ஒரு வாரம். கைபேசியோடு ஒப்பிட இதுவும் தாராளம்தான்; ஆனால், மாதக் கணக்கில் ஊர் சுற்றுபவர் சார்ஜரை வீட்டில் விட்டுப் போக முடியாது. விளக்கையும் அணைத்துவிட்டால் இந்த எண் வெகுவாகக் கூடும், ஏனென்றால் மின்சாரத்தைத் தின்பவை விளக்கும் வைஃபையும்தாம், துகள்கள் அல்ல.

புள்ளி தெரிகிறதா

திரையின் கூர்மையை ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று அளக்கிறார்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 300. 2022க்கு முந்தைய மலிவுவிலைக் கிண்டில்களில் 167. ஆங்கில நாவல் படிப்பவர் 167ஐ வைத்துச் சமாளித்துவிடுவார். தமிழுக்கு அது போதாது.

சாதாரண அச்சுப் புத்தகத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளியின் விட்டம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 167 திரையில் ஒரு திரைப்புள்ளி 0.15 மில்லிமீட்டர், அதாவது மெய்ப்புள்ளியை வரைய இரண்டு புள்ளிகள்தாம் கிடைக்கின்றன. 300 திரையில் நான்கு. இரண்டு புள்ளியில் வட்டம் வராது. சாம்பல் கறை வரும். எகரக் கொம்பா ஏகாரக் கொம்பா என்பதும் அதன் மேற்சுழியைப் பொறுத்தது. அங்கும் இதே இடர். எழுத்தைப் பெரிதாக்கினால் தெளிவாகும் என்பது உண்மை. ஆனால், பெரிதாக்கினால் வரிக்கு எத்தனை சொல் கொள்ளும்?

ஆறு அங்குலத் திரையின் அகலம் 9 சென்டிமீட்டர். பார்வை மங்கிய முதியவருக்கு ஏற்ற அளவில் எழுத்தை வைத்தால் வரிக்கு மூன்று, நான்கு தமிழ்ச் சொற்களே கொள்ளும். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் வரி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். இருபுற ஓரமும் நேராக வரும்படி வரிகளை இழுத்துப் பரப்புவது பல கருவிகளின் இயல்பான ஏற்பாடு. தமிழில் அது சொற்களுக்கு நடுவே பெரும் வெள்ளை இடைவெளிகளை உண்டாக்குகிறது. அமைப்புகளில் இடப்பக்கச் சீர்மையைத் தேர்ந்தால் பக்கம் உடனே படிக்கத்தக்கதாகிவிடும். வீட்டிலுள்ள பெரியவருக்காக வாங்குவதென்றால், மலிவு என்பதற்காக ஆறு அங்குலத்தை எடுக்காமல் ஏழு அல்லது எட்டு அங்குலத்தைப் பார்க்கலாம். கால் நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தள்ள வேண்டிய கருவியை யாரும் நெடுநாள் கையில் எடுப்பதில்லை.

எழுத்து சரியாகத் தெரிய, கூர்மை மட்டும் போதாது. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்து, முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் போக வேண்டும். கால் பின்னால் வர வேண்டும். இந்த வேலையைக் கருவிக்குள் உள்ள எழுத்துக்கோப்பு நிரல் செய்கிறது. அது இல்லாத பழைய கருவிகளில் கொம்பு தவறான பக்கம் நிற்கும். தமிழ் எழுத்துரு இல்லாதவற்றில் வெறும் கட்டங்கள் தெரியும். 2016 இறுதியில் அமேசான் இந்தியாவில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்கத் தொடங்கியது. இன்று புதிதாக விற்கும் கருவிகளில் இந்தச் சிக்கல் அரிது. பழைய கருவியை யாரோ மலிவாகத் தருகிறார்கள் என்றால், தமிழ்க் கோப்பொன்றைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.

எந்தக் கோப்பு, எந்தத் திரை

மின்னூல் கோப்புகளில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, திரையின் அளவுக்கேற்ப வரிகளைத் தானே மடித்துக்கொள்வது. இபப் இந்த வகை, 2007இல் தரமானது, உள்ளே இருப்பது இணையப் பக்கங்களைப்போன்ற சிறு கோப்புகளின் பொதி. கிண்டிலின் கோப்பு வகைகளும் இதே குணம் உள்ளவை. மற்றது பி.டி.எப். அடோபி 1993இல் கொண்டுவந்த இது, அச்சுக்குப் போகும் பக்கத்தை அப்படியே உறையவைக்கும். எந்தத் திரையில் திறந்தாலும் பக்கம் அதே பக்கம்தான். சின்னத் திரையில் சின்னதாகத் தெரியும், அவ்வளவே.

தமிழில் இலவசமாகக் கிடைக்கும் செல்வத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாம் சாதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள், ஈழத்து எழுத்துகளை 2005 முதல் திரட்டிவரும் நூலகம் திட்டத்தின் இதழ்களும் மலர்களும், எல்லாம் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பி.டி.எப். அதாவது பக்கத்தின் புகைப்படம். அவற்றில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. படத்தைத்தான் பெரிதாக்க முடியும்.

இங்கே அளவுகோலை எடுத்துவிடுவது நல்லது. ஏ4 பக்கம் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 உயரம். ஆறு அங்குலத் திரை 9க்கு 12. ஏ4 அதில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும்; 11 புள்ளி எழுத்து, ஐந்து புள்ளிக்கும் கீழே போய்விடும். அரசாணையோ ஆய்வேடோ இப்படிப் படிக்க முடியாது. 10.3 அங்குலத் திரை ஏறக்குறைய 16க்கு 21 சென்டிமீட்டர். ஏ4 அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும், ஓரத்தை வெட்டிவிட்டால் கிட்டத்தட்ட முழு அளவு. தமிழ்ப் பதிப்பாளர்கள் அதிகம் அச்சிடும் டெமி அளவுப் புத்தகம் 14க்கு 21.5, அது 10.3 அங்குலத் திரையில் அப்படியே உட்கார்ந்துவிடும். 7.8 அங்குலத்தில் முக்கால் அளவுக்குச் சுருங்கும். ஆனால், நாலுபுறத்து வெள்ளை ஓரத்தையும் வெட்டினால் எழுத்து மூலத்தின் அளவை நெருங்கிவிடுகிறது. பழைய கிரவுன் அளவு நாவல்களுக்கு இது இன்னும் வசதி. ஆகவே, ஸ்கேன் செய்த பழந்தமிழ் நூல்களைப் படிக்கத்தான் வாங்குகிறார் என்றால், அவருக்கு ஆறு அங்குலக் கருவி வீண்செலவு. 7.8 அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஓரம் வெட்டும் வசதி எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல் இல்லை. கோரீடர் என்ற கட்டற்ற மென்பொருள் இதில் வல்லது. கோபோ, பாக்கெட்புக் கருவிகளிலும் ஆண்ட்ராய்டில் இயங்கும் பூக்ஸ் போன்றவற்றிலும் அதை நிறுவலாம். ஸ்கேன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லையும் படத்துண்டாகவே வெட்டியெடுத்து, சின்னத் திரைக்கேற்ப மறுபடி வரிசையாக அடுக்கும் உபாயமும் அதில் இருக்கிறது. சொல்லை அது படிப்பதில்லை, நறுக்குகிறது. அதனால் மொழி ஒரு தடையாவதில்லை. தெளிவான அச்சில் நன்றாக வரும். மஞ்சளேறிய, சாய்ந்த பக்கங்களில் தாறுமாறாகும்.

இன்னொரு குழி, கணினியில் தட்டச்சிட்ட பி.டி.எப். பார்வைக்கு அழகாக இருக்கும். காலிபர் போன்ற மென்பொருளில் போட்டு இபப் ஆக்கினால் ஆங்கில எழுத்தும் சின்னங்களும் கலந்த குப்பை வெளியே வரும். காரணம், அந்நூல் டாப், டாம், டிஸ்கி, பாமினி என்று ஒருங்குறிக்கு முந்தைய குறியேற்றம் ஒன்றில் அச்சுக்கோக்கப்பட்டிருக்கிறது. எழுத்துருவைக் கழற்றிய நிமிடமே தமிழ் போய்விடுகிறது. குறியேற்ற மாற்றி ஒன்றின் வழியே உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, பிறகுதான் இபப் செய்ய வேண்டும். பதிப்பகங்கள் பல இன்னும் அச்சுக்கோப்பைப் பழைய எழுத்துருவிலேயே செய்து வருவதால் இந்தத் தொல்லை பழங்கதை ஆகிவிடவில்லை.

சின்னத் திரைக்குத் தமிழ்க் கோப்பே கிடைக்காது என்றும் இல்லை. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் கல்கி வரை ஒருங்குறி உரையாகக் கிடைக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பி.டி.எப். வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பி.டி.எப். ஆகவும் தருகிறது, எழுத்துரு இல்லாத பழைய கருவி வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி வடிவம் கைகொடுக்கும். படமில்லாத நாவல் இபப் ஆக இருந்தால் ஒரு எம்.பி. சுற்றுவட்டத்தில் அடங்கும். அதே நாவல் ஸ்கேன் ஆனால் பத்துக்கணக்கான எம்.பி. இபப் மட்டும் படிப்பவருக்கு 16 ஜி.பி. நினைவகத்தை நிரப்ப ஆயுள் போதாது. ஸ்கேன் சேகரிப்பவருக்கு அது சில நூறு நூல்களில் தீரும்.

கடையும் பூட்டும்

கருவியோடு கடையும் சேர்ந்தே வருகிறது. தமிழில் விலைக்குக் கிடைக்கும் மின்னூல்களைப் பொறுத்தவரை, வாசிப்பானில் படிக்கத்தக்க பெரிய கடை அமேசானுடையது. சமகாலத் தமிழ் எழுத்தைக் காசு கொடுத்துப் படிப்பவருக்கு கிண்டில்தான் நேர்வழி. அதற்கு ஒரு விலை உண்டு. வாங்கிய நூல் பெரும்பாலும் பூட்டோடு வரும். வேறு நிறுவனத்தின் கருவியில் திறக்காது. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ பிரதிகளை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது; பணத்தைத் திருப்பித் தந்தது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, 2019 ஜூலையோடு வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன. அங்கும் பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. கம்பிவழியே ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

இபப் கோப்பை கிண்டில் திறக்காது என்ற பழைய பேச்சு இன்னும் உலவுகிறது. 2022 முதல் அமேசானின் அனுப்பும் சேவைவழியே அனுப்பினால் அது மாற்றப்பட்டு வந்துசேர்கிறது. கணினியில் கோப்பு மாற்ற காலிபர் இருக்கிறது. கோவிட் கோயல் 2006இல் தன் சோனி வாசிப்பானை லினக்ஸ் கணினியோடு இணைக்க எழுதிய நிரல் வளர்ந்து அப்படியானது, இலவசம். சிங்கப்பூர்த் தமிழருக்குக் கணக்கு வேறு. அங்கே தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களையும் ஓவர்டிரைவ் என்ற சேவை வழியே இரவல் தருகிறது. கிண்டிலுக்கு நூலக இரவலை அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே. அதனால் ஓவர்டிரைவ் உள்ளமைந்த கோபோ அங்கே முந்துகிறது.

பைக்குள் போகும் கருவி

பயணத்துக்கு வேண்டியது முதலில் எடைக் குறைவு. 2022இன் அடிப்படைக் கிண்டில் 158 கிராம். 2024இன் ஏழு அங்குல கிண்டில் பேப்பர்ஒயிட் 211 கிராம். எழுதும் பேனாவோடு வரும் பத்து அங்குல கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். முதல் இரண்டையும் ஒரு கையில் பிடித்து ஒரு மணி நேரம் படிக்கலாம். மூன்றாவதை மேசையில் அல்லது மடியில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். நகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்பவருக்கு, பக்கம் புரட்டப் பொத்தான் உள்ள கருவி தனி வசதி: கட்டைவிரல் திரைவரை போக வேண்டியதில்லை. ரயிலில் இரவு பத்து மணிக்குமேல் விளக்கணைந்த பெட்டியில், மேல்படுக்கையில் படுத்துப் படிப்பவருக்கு விளக்கின் உச்ச வெளிச்சத்தைவிட, அது எவ்வளவு குறையும் என்பதே முக்கியம். எதிர்ப்படுக்கைக்காரரின் நிம்மதியும் அதில் அடங்கியிருக்கிறது.

மின்தாளின் பலவீனம், குமிழ் அடுக்குக்கு அடியில் உள்ள கண்ணாடி. பெரும்பாலான கருவிகளில் மின்முனைகள் மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. பைக்குள் சாவிக்கொத்தோ சார்ஜர் முனையோ அழுத்தினால் மேல்தகடு கீறாமலே உள்கண்ணாடி விரிசல் விடும். திறந்து பார்த்தால் திரையின் ஒரு மூலை மட்டும் பழைய பக்கத்தோடு உறைந்து நிற்கும். குறுக்கே கோடுகள் ஓடும். புதுத் திரை மாற்றும் செலவு பெரும்பாலும் புதுக் கருவியை நெருங்கிவிடும். அழகுக்கு விற்கும் துணி உறையைவிட, முன்பக்கம் விறைப்பான மூடியுள்ள உறையே வேண்டும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்மேல் செய்த திரைகள் சில விலையுயர்ந்த கருவிகளில் உண்டு. எடையும் குறையும், விரிசலும் அரிது.

ஐ.பி.எக்ஸ்.8 என்று குறித்த கருவி, இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கடல்நீர் அந்தக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டுப் பயணிக்கு நீரைவிடச் சூடுதான் எதிரி. கிண்டிலை இயக்க உகந்த வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரை என்று அமேசானே குறிக்கிறது. மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். முதலில் சிதைவது பேட்டரி. குளிர்ப் பிரதேசத்தில் வேறு தொல்லை: குமிழ்த் திரவம் கெட்டிப்பட்டு, பக்கம் மாறுவது மெதுவாகும், ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியை அணைக்கச் சொல்லும் விதி இந்தியாவில் 2014இல் தளர்ந்தது. விமான நிலைக்கு மாற்றிவிட்டுப் படித்துக்கொண்டே போகலாம். நூல்களைப் புறப்படும் முன்பே இறக்கிவைத்திருக்க வேண்டும். மேகச் சேமிப்பில் இருந்து, அட்டைப்படம் மட்டும் தெரியும் நூல், மேகத்துக்கு மேலே திறக்காது.

நிறமும் பாடநூலும்

நிற மின்தாள் வந்துவிட்டது. பரவலாகக் கிடைக்கும் கேலிடோ 3 வகையில், கறுப்பு வெள்ளைத் திரைக்கு மேல் நிறவடிகட்டி பொருத்தியிருக்கிறார்கள். கறுப்பு எழுத்து 300 புள்ளிக் கூர்மையில் வரும். நிறம் 150இல், 4,096 சாயல்களில். வடிகட்டி ஒளியில் ஒரு பங்கை விழுங்குவதால் பின்னணி மேலும் சாம்பலாகிறது. விளக்கை எந்நேரமும் எரியவிட நேர்கிறது. சிறுவர் படக்கதைக்கும் வரைபடங்களுக்கும் பயன்படும். நாவல் படிப்பவருக்கு இது கூடுதல் பணத்துக்குக் குறைந்த வெண்மை.

பாடநூலை வாசிப்பானில் படிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நார்வே ஆய்வாளர் ஆன் மாங்கன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேரில் பாதிப்பேர் ஒரு துப்பறியும் கதையை அச்சிலும் மறுபாதியினர் கிண்டிலிலும் படித்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் இருவரும் சமம். எந்தச் சம்பவம் முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் கிண்டிலில் படித்தவர்கள் தடுமாறினார்கள். புத்தகத்தில் இடதுகைப் பக்கம் கனத்து வருவதைக் கை அறியும். திரையில் அந்த அடையாளம் இல்லை. முன்னும் பின்னும் புரட்டிக் குறிப்பெடுக்க வேண்டிய நூலுக்கு மின்தாளின் மெதுவான புரட்டல் எரிச்சலூட்டும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர், ஏ4 பாடக்குறிப்புகளோடு கூடியவர், பத்து அங்குலக் கருவியோ சாதாரண டேப்லெட்டோ வாங்குவதே பொருத்தம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு, விளக்குள்ள, 300 புள்ளிக் கூர்மையுள்ள ஏழு அங்குலக் கருவி வீட்டுக்கும் வழிக்கும் நடுவே நிற்கும். கடைத் தமிழ்நூல் படிப்பவருக்கு அது கிண்டிலாக இருக்கட்டும். கிடைத்த கோப்பையெல்லாம் படிப்பவருக்குக் கோபோ அல்லது பாக்கெட்புக். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், இங்கே உத்தரவாதம் செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவி கைக்கு வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், தாம் உண்மையில் படிக்கப்போகும் கோப்புகளில் மூன்றை, அதாவது ஒரு தமிழ் இபப், ஒரு ஸ்கேன் நூல், ஒரு கடைநூல் ஆகியவற்றை ஏற்றி, இரவு விளக்கில் பத்துப் பக்கம் வீதம் படித்துப் பார்த்துவிட வேண்டும். அந்த முப்பது பக்கத்தில் தென்படாத குறை அரிதாகவே பின்னால் தென்படும்.